கரண்ட் கம்பெனிக்கு நீங்களும் ஒரு முதலாளி: அமெரிக்க மின் கூட்டுறவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ பக்கம், ஆஸ்டினுக்கு வெளியே லியாண்டர், அட்லாண்டாவுக்கு மேலே ஃபோர்சைத் கவுண்டி, வடக்கு வர்ஜீனியாவில் பிரின்ஸ் வில்லியம் கவுண்டி. இந்த இடங்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஒருவர் என்றால், கரண்ட் பில்லின் தலைப்பில் இருக்கும் பெயரைப் பாருங்கள். கோசர்வ், பெடர்னாலஸ், சானி இஎம்சி, நோவெக் என்று ஏதாவது இருந்தால் நீங்கள் வெறும் வாடிக்கையாளர் இல்லை. அந்த நிறுவனத்தின் உறுப்பினர். அதில் உங்களுக்கு ஓட்டு இருக்கிறது. உங்கள் பேரில் பணமும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

மின்சாரம் என்றால் வாரியம், கூட்டுறவு என்றால் பால் சொசைட்டியும் நகைக்கடன் வங்கியும் என்றே நமக்குப் பழக்கம். மின்சாரமே கூட்டுறவாக நடப்பது இந்தியாவில் அபூர்வம். கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்து ஹுக்கேரியில் 1969இல் தொடங்கிய சங்கம் அப்படி ஒன்று. அமெரிக்காவிலோ இப்படிப்பட்ட சங்கங்கள் சுமார் 900 இருக்கின்றன. 4 கோடிக்கும் அதிகமான மக்களுக்கு அவை கரண்ட் கொடுக்கின்றன.

விவசாயிகள் தொடங்கிய சங்கத்தில் ஐடி வேலைக்காரர்கள் வந்து சேர்ந்த கதை சுருக்கமானதுதான். 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. வீட்டுக்கு வீடு மைல் கணக்கில் கம்பி இழுத்தால் லாபம் வராது என்று தனியார் கம்பெனிகள் ஒதுங்கிவிட்டன. 1935 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை ஓர் ஆணையால் ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டே அதற்குத் தனிச் சட்டம் வந்தது. அரசு குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க, விவசாயிகள் சங்கம் வைத்துத் தாங்களே கம்பி இழுத்துக்கொண்டார்கள். பிறகு நகரம் வளர்ந்து அந்தப் பண்ணைகளை விழுங்கியது. சங்கமும் அதன் எல்லையும் அப்படியே நின்றன. இன்று அந்த எல்லைக்குள் குடிவருகிறவர் யாரானாலும் உறுப்பினர்தான்.

இனி, புதிதாக வந்தவர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகப் போகலாம். இது வழக்கறிஞர் ஆலோசனை இல்லை. எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

முதலில்: கம்பெனியை மாற்ற முடியுமா?

டெக்சஸுக்கு வந்த எல்லோரும் கேட்பது இது. பிளேனோவில் இருக்கும் நண்பர் ஆண்டுக்கு ஒருமுறை ஆன்லைனில் விலை பார்த்து மின் விற்பனையாளரை மாற்றுகிறார், நம்மால் ஏன் முடியவில்லை? 1999இல் டெக்சஸ் சட்டமன்றம் மின் விற்பனையைப் போட்டிக்குத் திறந்தபோது கூட்டுறவுகளுக்கும் நகராட்சி மின் நிறுவனங்களுக்கும் விலக்கு கொடுத்தது. போட்டிக்குள் வருவதா வேண்டாமா என்பதைச் சங்கத்தின் இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். கார்பஸ் கிறிஸ்டி பக்கத்தில் நுவேசஸ் கூட்டுறவு உள்ளே வந்தது. பெரும்பாலான சங்கங்கள் வரவில்லை. கோசர்வ் எல்லையில் வீடு என்றால் கோசர்வ்தான்.

ஜார்ஜியாவில் 1973இன் எல்லைச் சட்டம் மாநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. அங்கே 900 கிலோவாட்டுக்கு மேல் தேவைப்படும் புதிய பெரிய வாடிக்கையாளருக்கு மட்டும் யாரிடம் வாங்குவது என்று ஒரே ஒருமுறை தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. டேட்டா சென்டர்களைப் பிடிக்க ஜார்ஜியா பவர் என்ற தனியார் கம்பெனியும் கூட்டுறவுகளும் மோதிக்கொள்வது இதனால்தான். நான்கு படுக்கையறை வீட்டுக்கு அந்த யோகம் கிடையாது.

கையெழுத்துப் போட்ட படிவத்தில் என்ன இருந்தது?

கனெக்‌ஷன் கேட்டபோது ஆன்லைனில் ஒரு பெட்டியில் டிக் அடித்திருப்பீர்கள். அதுதான் உறுப்பினர் விண்ணப்பம். "சங்கத்தின் பைலாவுக்குக் கட்டுப்படுகிறேன்" என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த பைலாதான், அதாவது சங்கத்தின் விதித் தொகுப்புதான், உங்களுக்கும் சங்கத்துக்கும் நடுவிலான ஒப்பந்தம். பிற்பாடு குழு அதைத் திருத்தினாலும் பெரும்பாலும் உங்களைக் கட்டுப்படுத்தும். சங்கத்தின் இணையதளத்தில் கிடைக்கும், பொதுவாக முப்பது நாற்பது பக்கம். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் நான்கு இடங்களை மட்டும் தேடிப் பாருங்கள்: பைலாவைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு, உறுப்பினருக்கா குழுவுக்கா, இயக்குநர் தேர்தலுக்கு வேட்புமனு எப்படிப் போடுவது, தகராறு வந்தால் கோர்ட்டா அல்லது கட்டாய நடுவர் தீர்ப்பா, உங்கள் நிலத்தில் சங்கத்துக்கு என்ன வழியுரிமை.

முதல் கேள்விக்கான பதிலே சங்கத்தின் குணத்தைச் சொல்லிவிடும் என்பது என் கருத்து. உறுப்பினர் ஓட்டு இல்லாமல் குழு தன்னிஷ்டப்படி பைலாவை மாற்றலாம் என்றிருந்தால், மற்ற உரிமைகளெல்லாம் குழுவின் தயவில்தான் நிற்கின்றன.

வழியுரிமையைச் சும்மா கடந்துவிட வேண்டாம். மின்கம்பி போவதற்காகக் கொடுத்த வழியில் சங்கம் இணைய ஃபைபரும் இழுத்து வியாபாரம் பண்ணலாமா? மிசௌரியில் ஷோ-மீ பவர் என்ற கூட்டுறவின் மேல் நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டு, 2015இல் ஜூரி 7.9 கோடி டாலர் இழப்பீடு சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தொகை நிற்கவில்லை. ஆனால் அனுமதி தாண்டிய பயன்பாடு அத்துமீறல்தான் என்ற முடிவு நின்றது. அந்தப் பயத்தில் பல மாநிலங்கள் சட்டத்தையே திருத்தின. ஜார்ஜியா 2019இல் கூட்டுறவுகள் இணையச் சேவை தரலாம் என்று சட்டம் போட்டது. கிராமப்புறத்துக்கு இது நல்ல காரியம். ஆனாலும் உங்கள் கொல்லைப்புறத்தில் குழி தோண்ட ஆள் வந்தால், எந்த ஆவணத்தின் பேரில் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கட்டணத்தை யார் கண்காணிக்கிறார்கள்?

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. கட்டணம் ஏறினால் மாநில ஆணையத்துக்குப் புகார் எழுதலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். வர்ஜீனியாவில் அது ஓரளவு சரி, அங்கே மாநில கார்ப்பரேஷன் கமிஷனின் கண்காணிப்பு கூட்டுறவுகளுக்கும் உண்டு. கென்டக்கி, அரிசோனாவிலும் அப்படித்தான். ஆனால் டெக்சஸிலும் ஜார்ஜியாவிலும் உங்கள் வீட்டுக் கட்டணத்தை ஆணையம் நிர்ணயிப்பதில்லை. சங்கத்தின் குழு உட்கார்ந்து ஓட்டெடுத்தால் கட்டணம் ஏறிவிடும். நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நிலைமை இதுதான்.

மத்திய அரசு? ஃபெர்க் எனப்படும் மத்திய எரிசக்தி ஆணையம் மொத்த விற்பனையையும் மாநிலம் தாண்டும் மின்கடத்தலையும் பார்க்கிறது. அரசிடம் கிராம மின்கடன் வாங்கிய கூட்டுறவுகளையும், ஆண்டுக்கு 40 லட்சம் மெகாவாட் மணிக்குக் குறைவாக விற்பவற்றையும் 2005இன் எரிசக்திச் சட்டம் ஃபெர்க்கின் கட்டண அதிகாரத்திலிருந்து பெரும்பாலும் விலக்கி வைத்திருக்கிறது. மின்கட்டமைப்பின் நம்பகத்தன்மைக்கான விதிகளிலிருந்து விலக்கு இல்லை.

இந்த விலக்குகளுக்கெல்லாம் பின்னால் ஒரே வாதம்தான்: வாங்குகிறவனே முதலாளி, தன்னைத் தானே கொள்ளையடிக்க மாட்டான், பிறகெதற்கு ஆணையம்? வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நடைமுறையில் நிற்க வேண்டுமென்றால் அந்த முதலாளி ஓட்டுப் போட வர வேண்டும். பல சங்கங்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் ஓட்டுப் போட்டாலே அதிகம்.

ஓட்டு: விசாவில் இருந்தாலும் உண்டு

நம்மில் பலருக்கு அமெரிக்கத் தேர்தல் எதிலும் ஓட்டு இல்லை. ஆனால் கூட்டுறவுத் தேர்தலுக்குக் குடியுரிமை தேவையில்லை, மின் கணக்கு உங்கள் பேரில் இருந்தால் போதும். எச்-1பி என்றாலும் கிரீன் கார்டுக்குக் காத்திருந்தாலும் ஓட்டு உண்டு. எத்தனை மீட்டர் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு. கணவன் மனைவி சேர்ந்து கணக்கு வைத்திருந்தால் பெரும்பாலும் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். அதனால் கணக்கு யார் பேரில் என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருந்தாலும் கணக்கு உங்கள் பேரில் என்றால் உறுப்பினர் நீங்கள்தான், வீட்டுக்காரர் இல்லை.

ஓட்டுச் சீட்டு தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும், விளம்பரம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில சங்கங்களில், உங்கள் ஓட்டை உங்களுக்குப் பதிலாக வேறொருவர் போட அனுமதிக்கும் ப்ராக்ஸி படிவம் வரும். வேறு பெயர் எழுதாமல் கையெழுத்துப் போட்டால் உங்கள் ஓட்டு இருக்கிற குழுவின் கைக்கே போய்விடும்படி அச்சடித்திருப்பார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வருடாந்தரக் கூட்டத்தில் குலுக்கல் பரிசும் பல்பும் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. தணிக்கை அறிக்கை வாசிக்கும்வரை இருந்துவிட்டு வாருங்கள்.

இயக்குநராக நிற்க ஆசை என்றால் பைலாவில் தகுதிகள் இருக்கும்: அந்த வட்டாரத்தில் வீடு, சங்க ஊழியரின் நெருங்கிய உறவினராக இல்லாமை, போட்டி நிறுவனத்தோடு தொடர்பில்லாமை என்பது போல. இயக்குநர்களுக்குக் கூட்டப்படி உண்டு. வேலை விசாவில் இருப்பவர் அதை வாங்கினால் சிக்கல் வருமா என்பதை மனுப் போடும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

உறுப்பினர்கள் தூங்கினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சஸின் பெடர்னாலஸ் கூட்டுறவே சாட்சி. 1938இல், பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சனின் முயற்சியோடு தொடங்கிய சங்கம். உறுப்பினர் எண்ணிக்கையில் நாட்டிலேயே பெரியது. பல காலமாகக் குழுவின் ஆதரவு இல்லாதவர் தேர்தலில் நிற்பதே கடினம் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. 2007இல் உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். செலவுக் கணக்குகள் வெளியே வந்தன. சங்கப் பணம் ஒரு சட்ட நிறுவனத்தின் வழியாகப் பொது மேலாளரின் சகோதரருக்கும் ஓர் இயக்குநரின் மகனுக்கும் போயிருந்தது தெரியவந்தது. 2010 டிசம்பரில் அந்த முன்னாள் பொது மேலாளரைத் திருட்டு, பண மோசடி உள்ளிட்ட குற்றங்களில் ஜூரி குற்றவாளி என்றது. வழக்குக்குப் பிறகு அங்கே திறந்த தேர்தல், திறந்த கூட்டங்கள், உறுப்பினர்கள் ஆவணம் பார்க்கும் உரிமை எல்லாம் வந்தன. கவனியுங்கள், இதைக் கண்டுபிடித்தது எந்த ஆணையமும் இல்லை.

கணக்கைப் பார்ப்பது எப்படி?

அரசு அலுவலகங்களுக்கான தகவல் உரிமைச் சட்டம் பொதுவாகக் கூட்டுறவுகளுக்குப் பொருந்தாது, அவை தனியார் அமைப்புகள். ஆனால் நியாயமான காரணம் சொன்னால் ஆவணங்களைப் பார்க்கலாம் என்று பல மாநிலக் கூட்டுறவுச் சட்டங்களும் பைலாக்களும் இடம் கொடுக்கின்றன. எழுத்தில் கேளுங்கள், என்ன ஆவணம், எந்த ஆண்டு, எதற்கு என்று குறிப்பிட்டு.

அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(12) பிரிவில் வரிவிலக்கு வாங்கிய சங்கம் ஆண்டுதோறும் படிவம் 990 தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம். தலைமை நிர்வாகியின் சம்பளம், இயக்குநர்களுக்குக் கொடுத்தது, பெரிய ஒப்பந்ததாரர்கள் எல்லாம் அதில் இருக்கும். கேட்டால் சங்கம் கொடுத்தாக வேண்டும். இணையத்திலும் கிடைக்கும்.

அந்த வரிவிலக்குக்கு ஒரு நிபந்தனை: வருமானத்தில் குறைந்தது 85 விழுக்காடு உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டும். 2017இன் வரிச் சட்டத் திருத்தத்தால் அரசு மானியமும் 'வெளி வருமானம்' கணக்கில் ஏறியது. புயலில் விழுந்த கம்பங்களை நட அரசு கொடுத்த பணத்தாலேயே வரிவிலக்கு பறிபோகும் நிலை. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைச் சரிசெய்தது. சங்கம் பக்கத் தொழில்களைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து நடத்துவதற்கு இந்த 85 விழுக்காடும் ஒரு காரணம். பிரித்த கம்பெனியின் கணக்கு உறுப்பினர் கண்ணுக்குப் படுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் பேரில் சேரும் பணம்

ஆண்டு முடிவில் செலவு போக மிஞ்சியதைச் சங்கம் லாபம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. யார் எவ்வளவு கரண்ட் வாங்கினார்களோ அந்த விகிதத்தில் உறுப்பினர் பேரில் வரவு வைக்க வேண்டும். கேபிட்டல் கிரெடிட் என்பார்கள். வரவு வைத்ததுமே கைக்கு வராது. சங்கம் அதை மூலதனமாகப் பயன்படுத்திவிட்டு, குழு தீர்மானிக்கும்போது பழைய ஆண்டுகளிலிருந்து திருப்பித் தரும். பத்தாண்டும் ஆகலாம், முப்பதாண்டும் ஆகலாம். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனையும் குறுக்கே நிற்கும். வட்டி கிடையாது. வீட்டு உபயோகத்துக்கான தொகைக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. கரண்ட் செலவை வியாபாரக் கணக்கில் கழித்தவர்கள் மட்டும் ஆடிட்டரைக் கேட்க வேண்டும்.

உறுப்பினர் இறந்துவிட்டால் வாரிசுகள் முன்கூட்டியே கேட்டு வாங்கலாம், சில சங்கங்கள் தள்ளுபடி கழித்துக் கொடுக்கும். உயில் எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.

பில்லில் தெரியாத பெரிய ஒப்பந்தம்

வீட்டுக்குக் கம்பி இழுக்கும் சங்கம் பெரும்பாலும் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்வதில்லை. பல சங்கங்கள் சேர்ந்து தொடங்கிய உற்பத்திக் கூட்டுறவிடம் வாங்குகிறது. அந்த ஒப்பந்தம் பல பத்தாண்டுகளுக்கு, கிட்டத்தட்ட முழுத் தேவையையும் அங்கேதான் வாங்க வேண்டும் என்று கட்டிப்போடுவது. உங்கள் பில்லில் பெரிய பங்கு அங்கேதான் போகிறது. இன்று இந்தத் துறையின் பெரிய வழக்குகளும் அங்கேதான் நடக்கின்றன.

கொலராடோவின் டிரை-ஸ்டேட் என்ற உற்பத்திக் கூட்டுறவு ஒரு பாடம். அதன் உறுப்பினர் சங்கங்கள் 95 விழுக்காடு மின்சாரத்தை அதனிடமே வாங்க வேண்டும் என்றிருந்தது. சூரிய, காற்று மின்சாரம் மலிவானதும் சில சங்கங்கள் வெளியேறப் பார்த்தன. நியூ மெக்சிகோவின் கிட் கார்சன் 2016இல் 3.7 கோடி டாலர் வெளியேறும் கட்டணத்தோடு போனது. டெல்டா-மாண்ட்ரோஸ் 2020இல் 13.65 கோடி டாலர் மதிப்புக்குத் தீர்த்துக்கொண்டது. நடுவில் 2019இல் டிரை-ஸ்டேட் கூட்டுறவு அல்லாத ஒரு நிறுவனத்தை உறுப்பினராகச் சேர்த்து, மாநிலங்களின் பிடியிலிருந்து ஃபெர்க்கின் அதிகாரத்துக்குள் தானே நகர்ந்தது. விலகும் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற சண்டையும் அங்கேயே போனது. யுனைடெட் பவர் 2024 மே முதல் தேதி வெளியேறியபோது கட்டணம் 60 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

டெக்சஸ்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பிரேசோஸ். 2021 பிப்ரவரிக் குளிரில் மொத்தச் சந்தை விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலரில் நின்றது. ஒரே வாரத்தில் பிரேசோஸ் உற்பத்திக் கூட்டுறவுக்கு வந்த பில் 180 கோடி டாலருக்கும் மேல். மார்ச் முதல் தேதி அது திவால் பாதுகாப்பு கேட்டது. கோசர்வ் அப்போது அதன் உறுப்பினர். அந்த வாரத்தின் செலவை ஆண்டுக்கணக்கில் பரப்பி உறுப்பினர் சங்கங்களின் வழியே மக்கள்தான் கட்டுகிறார்கள். ஜார்ஜியாவில் வோக்டல் அணுமின் நிலையத்தில் 30 விழுக்காடு ஓகல்தார்ப் என்ற உற்பத்திக் கூட்டுறவுடையது. சானி அதன் உறுப்பினர், ஆக அந்த அணு உலையின் செலவு ஃபோர்சைத் கவுண்டி பில்லிலும் உண்டு.

எனவே கூட்டத்தில் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் என்றால் இதைக் கேளுங்கள்: நம் மின் கொள்முதல் ஒப்பந்தம் எந்த ஆண்டுவரை, வெளியேற வழி என்ன?

சோலார் விற்பனையாளர் கதவைத் தட்டினால்

கையெழுத்துக்கு முன் சங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள். நீங்கள் வெளியே அனுப்பும் சோலார் மின்சாரத்தை பில்லில் கழித்துக்கொள்வதை நெட் மீட்டரிங் என்பார்கள். வர்ஜீனியாவில் அதற்கான சட்டம் கூட்டுறவுகளையும் சேர்த்துக்கொள்கிறது. டெக்சஸில் மாநிலம் முழுவதற்குமான கட்டாயம் எதுவும் இல்லை, வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு என்ன விலை என்பதை உங்கள் சங்கம் தீர்மானிக்கும். 1978இன் பர்ப்பா என்ற மத்தியச் சட்டப்படி சங்கம் அதை வாங்க மறுக்க முடியாது. ஆனால் சில்லறை விலையில் வாங்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நிலைக் கட்டணத்தை ஏற்றுவது, உச்ச நேரப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம் போடுவது என்று சங்கங்கள் கட்டண அமைப்பையே மாற்றி வருகின்றன. விற்பனையாளரின் லேப்டாப்பில் காட்டும் சேமிப்புக் கணக்கு அதில் கவிழ்ந்துவிடும். 30 விழுக்காடு மத்திய வரிச் சலுகை கிடைக்கும் என்று இன்னும் யாராவது சொன்னால் எச்சரிக்கை: சொந்தச் செலவில் வீட்டுக்குப் போடுபவர்களுக்கான அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது.

சண்டை வந்தால்

முதலில் வாடிக்கையாளர் சேவை, அப்புறம் பொது மேலாளருக்கு எழுத்தில், அப்புறம் குழுவுக்கு. உங்கள் வட்டார இயக்குநரின் பெயர் இணையதளத்தில் இருக்கும், அவரும் ஓட்டு வாங்கித்தான் வந்தவர். ஆணையம் கண்காணிக்கும் மாநிலம் என்றால் அங்கே புகார். இல்லையென்றால் பைலாவில் நடுவர் தீர்ப்பு கட்டாயமா என்று பார்த்துவிட்டு உள்ளூர் நீதிமன்றம். டெக்சஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை, ஜார்ஜியா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 15,000 டாலர் வரை வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். இனம், நிறம், பிறந்த நாடு காரணமாகப் பாகுபாடு என்று கருதினால், மத்திய அரசின் கடன் வாங்கிய சங்கங்களின் மேல் அமெரிக்க வேளாண் துறையிடம் புகார் செய்யலாம். சங்கத்தின் இணையப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அதற்கான அறிவிப்பு இருக்கும்.

வீடு மாறும்போது

கணக்கை மூடினாலும் கேபிட்டல் கிரெடிட் உங்களுடையதுதான். நீங்கள் சியாட்டிலுக்கோ சென்னைக்கோ போய்ப் பல ஆண்டு கழித்துக் காசோலை பழைய முகவரிக்கு வரும். அது திரும்பிப் போனால் சில மாநிலங்களில் உரிமை கோராத சொத்தாக மாநிலக் கருவூலத்துக்குப் போகும். சிலவற்றில் சங்கமே அதை அறக்காரியங்களுக்கு எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதனால் கணக்கை மூடும் அன்றே புது முகவரியையும் நிலையான ஒரு மின்னஞ்சலையும் எழுத்தில் கொடுத்து, உறுப்பினர் எண்ணைக் குறித்து வையுங்கள். ஏற்கெனவே மாறிவிட்டவர்கள் சங்கத்தின் இணையதளத்தில் உரிமை கோரப்படாதோர் பட்டியல் இருந்தால் அதிலும், மாநிலத்தின் உரிமை கோராத சொத்துத் தளத்திலும் தங்கள் பெயரைத் தேடலாம். தேடும்போது அப்பா பெயரை முன்னால் போட்டும் பின்னால் போட்டும் பாருங்கள், நம் பெயர்களை அவர்கள் எப்படிப் பதிந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.